பெலிண்டா அக்காவின் பிற்பகல்

எங்கள் அலுவலகத்தில் என் மேஜைக்கு அடுத்த மேஜை பெலிண்டா அக்காவுடையது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அது காலியாக இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அந்த அம்மாவுக்கு ஏதோ உடம்பு சரியில்லை, அதனால் சீக்கிரம் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் கண்காணிப்பாளர் சவரிநாதன் சார் விளக்கினார். பெலிண்டா விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். எங்கள் துறையின் திருச்சிக் கோட்டப் பெண்கள் பூப்பந்து அணிக்கு கேப்டன். சார்தான் அந்த அணிக்கு மேனேஜர். அணியில் இருப்பவர்கள் இரண்டு மணிக்குப் பயிற்சிக்குக் கிளம்பலாம் என்று உத்தரவு உண்டு. அணியில் பெயர் இல்லையென்றால் எல்லோரையும் போல ஐந்தே முக்கால் வரை உட்கார வேண்டும். பெலிண்டாவின் கோப்புகளில் பாதியை இனி நான் பார்க்க வேண்டியிருக்கும் என்பதைக் கடைசியாக, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

அக்காவை அலுவலகத்தில் "கிரவுண்டு ஸ்டாஃப்" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடமாகியும் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு ஒன்றைக்கூட எழுதியதில்லை. கோப்பில் எந்தத் தாள் மேலே வரும், எது கீழே வரும் என்பதே அவருக்குச் சந்தேகம்தான். என்னிடம் ஒருமுறை, "நான் பந்துக்குச் சம்பளம் வாங்குறவ யமுனா, பேப்பருக்கு இல்ல" என்று சொன்னார். அதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

எனக்கு விளையாட்டு தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதற்குத் தாசில்தார் கொடுத்த சான்றிதழ்கூட இருக்கிறது. பள்ளியில் விளையாட்டுப் பீரியட் வந்தால் வகுப்பிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டவள். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு சவரிநாதன் சார் என்னை அணிக்கு ஸ்கோர் எழுத வைத்துவிட்டார். அப்படித்தான் வாரம் மூன்று நாள் நானும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

பூப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இருவர், பின்னால் இருவர், நடுவில் ஒருவர். பந்து மஞ்சள் கம்பளி நூலில் சுற்றியது, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மட்டையில் பட்டால் விர்ரென்று போகும், தரையில் விழுந்தால் சத்தமே வராது. நடுவில் நிற்பவரை சென்டர் என்பார்கள். எதிரணி அடிக்கும் பந்தில் பாதி அவரைத் தேடித்தான் வரும். அதைத் தானே எடுப்பதா, பின்னால் இருப்பவருக்கு விடுவதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தானே எடுப்பதென்றால் "எனக்கு" என்பார். விடுவதென்றால் "விடு" என்பார். "எனக்கு" என்று சென்டர் சொல்லிவிட்டால் மற்ற நான்கு பேரும் அசையக் கூடாது. பெலிண்டா அக்கா பதினாறு வருடமாக அந்த இடத்தில் நின்றார்.

அவர் பாலக்கரையில் பிறந்தவர். அப்பா தையற்காரர். பள்ளியில் மதிய உணவு நேரத்தில் ஒரு பெண்ணின் கையிலிருந்து டிபன் பாக்ஸ் நழுவியதாம். பக்கத்தில் வேறு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த பெலிண்டா, பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டி அதைப் பிடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாராம். தூரத்தில் நின்ற விளையாட்டு ஆசிரியை டோரதி அன்று மாலையே அவர் கையில் மட்டையைக் கொடுத்திருக்கிறார். இதைச் சொன்னது அக்கா அல்ல, அவர் கணவர் ஆசீர். கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். அக்காவிடம் கேட்டேன். "புடிச்சேனாம். எனக்கு ஞாபகமே இல்ல" என்றார். யோசிக்காமல் வந்த ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதோ என்னவோ. நான் படித்த ஒவ்வொரு பாடமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்து மனப்பாடம் செய்தவள் நான்.

ஸ்கோர் எழுதத் தொடங்கியதிலிருந்தே எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. புள்ளிகளோடு சேர்த்து, தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் போடுவேன். பந்து எங்கே விழுந்தது, சென்டர் என்ன சொன்னார் என்று. யாரும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கக் கை வராது, அவ்வளவுதான். இரண்டாம் வருடம் அந்தக் குறிகளில்தான் முதலில் தெரிந்தது. முந்தைய வருடம் ஒரு ஆட்டத்துக்கு அக்கா பத்துப் பன்னிரண்டு முறை "விடு" என்பார். இந்த வருடம் முப்பதைத் தாண்டியது.

மற்றவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. அணியில் புதிதாகச் சேர்ந்த தேவதர்ஷினிக்கு வயது இருபத்திரண்டு. பின்வரிசையில் நிற்பாள். எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் வேலை, கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அக்கா விட்ட பந்தையெல்லாம் அவள் பாய்ந்து எடுத்தாள். சின்னப் பெண்ணுக்கு வாய்ப்புக் கொடுக்கிறார், பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். ஆட்டங்களும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தன.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. டாஸ் ஜெயித்த கேப்டன் எந்தப் பக்கம் ஆடுவது என்று கேட்கலாம், சர்வீஸ் கேட்கலாம், இல்லையென்றால் பந்தைத் தேர்ந்தெடுக்கலாம். நடுவர் மேஜையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். புதுப் பந்துகளும், ஒன்றிரண்டு ஆட்டம் கண்ட பந்துகளும் அதில் கிடக்கும். புதுப் பந்து இறுக்கமாக, வேகமாக வரும். ஆடிய பந்து நூல் பிரிந்து, பஞ்சு மாதிரி உப்பி, மெதுவாக வரும். அக்கா எப்போதும் காற்று பார்த்துப் பக்கம் கேட்பவர் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடம் அவர் பந்து கேட்க ஆரம்பித்தார். பெட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே உப்பியதை எடுப்பார்.

அவர் சும்மா இருக்கவில்லை. மட்டையின் நரம்பை மூன்று முறை மாற்றினார். ஷூ மாற்றினார். காலையில் அரை மணி நேரம் கூடுதலாக ஓடினார். தில்லை நகரில் எலும்பு மருத்துவர்கள் இரண்டு பேரைப் பார்த்தார். ஆசீர் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்று இரண்டு தடவையும் என்னைத்தான் கூட்டிப்போனார். தோளுக்கும் முழங்காலுக்கும் ஸ்கேன். இரண்டாவது மருத்துவர் இளைஞர், பொறுமையாகப் படத்தைக் காட்டி விளக்கினார். எங்கும் கிழியவில்லை, வீக்கம் இல்லை, இந்த வயதுக்கு மிக நன்றாக இருக்கிறது என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வண்டியை எடுக்க முடியாதபடி நான்கைந்து ஸ்கூட்டர்கள் அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே சொன்னார்.

"ஏதாவது கிழிஞ்சிருந்தா ஆபரேஷன் பண்ணிட்டு வந்துருக்கலாம். ஒண்ணுமில்லங்குறாங்க. ஒண்ணுமில்லாததுக்கு என்ன பண்றது?"

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அழுவாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் எதுவும் இல்லை. சிக்னலில் பச்சை விழுந்த பிறகு, பின்னாலிருந்தவர்கள் ஹார்ன் அடித்த பின்தான் வண்டியை எடுத்தார்.

டிசம்பரில் கோட்டங்களுக்கு இடையிலான போட்டிக்கு அணி தேர்வு செய்ய வேண்டும். இந்த முறை போட்டி ஸ்ரீரங்கத்தில். சவரிநாதன் சார் வருடம் முழுக்க ஆடிய ஆட்டங்களின் ஸ்கோர் தாள்களைக் கேட்டார். "ஓரத்துல ஏதோ குறிச்சு வச்சிருப்பியேம்மா, அதையும் சேத்தே குடு" என்றார். அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பிடவில்லை. ரப்பரை எடுத்துப் பென்சில் குறிகளை அழித்தேன். இருபத்தாறு தாள்கள். பக்கத்து நாற்காலியில் அக்காவின் கைப்பை இருந்தது. அவர் கைகழுவப் போயிருந்தார்.

ஏன் அழித்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அக்கா அணியிலிருந்து போனால் எனக்குத்தான் லாபம், அவருடைய பாதிக் கோப்புகள் என் மேஜையிலிருந்து திரும்பிப் போய்விடும். அப்படியிருந்தும் அழித்தேன். பாசம் என்று சொல்லலாம். ஆனால் ஒருவர் பதினாறு வருடம் நின்ற இடத்தைப் பற்றி, பந்தைக் கையால் தொட்டறியாத நான் பென்சிலில் தீர்ப்பு எழுதிவிட்டேனே என்ற பயம்தான் அதிகம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. தேர்வில் அக்காவே கேப்டன், அவரே சென்டர் என்று வந்தது. இரண்டு மணிக்குக் கிளம்பும் அனுமதி அவருக்கு அடுத்த வருடத்துக்கும் நீண்டது.

அரையிறுதி மதுரைக் கோட்டத்துடன். காலை ஒன்பது மணி ஆட்டம். மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அதனால் நான் முதலிலேயே போய் மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். கொள்ளிடம் பக்கமிருந்து காற்று நேராக அடித்தது. எந்தக் கேப்டனும் காற்றின் பக்கம் கேட்டிருப்பார். அக்கா டாஸ் ஜெயித்தார், பந்து கேட்டார். பெட்டியில் கை விட்டு, நூல் தளர்ந்த ஒன்றை எடுத்தார். என் பக்கத்தில் நின்ற சவரிநாதன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

மதுரைக்காரர்கள் காற்றின் பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். தேவதர்ஷினியின் பலமே பின்வரிசையிலிருந்து அடிக்கும் நீண்ட அடிதான். அந்தப் பந்து அவள் மட்டையிலிருந்து கிளம்பி, காற்றில் களைத்து, வலைக்கு அந்தப் பக்கம் எதிரணிக்குச் சொல்லிவைத்தாற்போல இறங்கியது. முதல் கேம் முப்பத்தைந்துக்கு இருபத்தேழு என்று மதுரைக்குப் போனது. இடைவேளையில் தேவதர்ஷினி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, அந்தப் பந்து எனக்கு ஏறவே மாட்டேங்குது. மாத்தச் சொல்லிக் கேளுங்களேன்."

"மொத கேம் ஆடின பந்துதான் ரெண்டாவதுக்கும். நடுவர் மாத்த மாட்டாரு" என்றார் அக்கா.

நூல் பிரிந்திருந்தால் கேப்டன் கேட்டு மாற்றலாம். அது எனக்கே தெரியும். தேவதர்ஷினிக்கும் தெரிந்திருக்கும். அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

இரண்டாவது கேமில் மதுரைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சென்டருக்கும் பின்வரிசைக்கும் நடுவில், யாருடையது என்று சொல்ல முடியாத இடமாகப் பார்த்துப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அக்காவின் "விடு" கொஞ்சம் தாமதமாக வந்தது. தேவதர்ஷினி கிளம்பும்போது பந்து இறங்கிவிடும். எதிரணியில் முன்னால் நின்ற ஒருத்தி தன் கூட்டாளியிடம், "அந்தம்மா சொல்லி முடிக்கட்டும், அவசரப்படாத" என்றாள். எங்கள் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அக்காவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

எங்களுக்குப் பதினான்கு, அவர்களுக்கு இருபத்தொன்று என்று இருந்தபோது ஒரு பந்து வந்தது. வேகமே இல்லாத பந்து. உயரமாக, நேராக, அக்காவின் தலைக்கு மேல். "எனக்கு" என்றார். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி. தேவதர்ஷினி இரண்டடி தள்ளித்தான் இருந்தாள், எட்டி எடுத்திருக்கலாம். ஆனால் சொன்னபடி அப்படியே நின்றாள். அக்கா மட்டையை உயர்த்தினார். பந்து மட்டைக்கு முன்னால் இறங்கி அவர் கால் அருகே விழுந்தது. சத்தம் இல்லை.

அக்கா மட்டையைத் திருப்பி நரம்பைப் பார்த்தார். விரலால் இரண்டு நரம்புகளை நகர்த்தி நேராக்கினார். பிறகு தேவதர்ஷினியைப் பார்த்தார்.

"நீ எடுத்துருக்கலாம்ல தர்ஷினி?"

"நீங்க சொன்னீங்கல்லக்கா. நீங்க சொன்னா நாங்க யாரும் வர மாட்டோம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் பழகியிருந்தார்கள். நடுவர் சர்வீஸுக்குக் கைகாட்டினார். அக்கா தன் கையைத் தூக்கி, மாற்று ஆள் வேண்டும் என்று சைகை செய்தார். யாருக்கு என்று நடுவர் கேட்டார். அக்கா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தேவதர்ஷினியை நடுவுக்கு நகரச் சொல்லி, கிளம்பும் முன் அவளிடம் சொன்ன வார்த்தைகளை மேஜையிலிருந்தே கேட்டேன்.

"நூல் பிரிஞ்சிருக்கு, புதுசு கேளு. நான்தான் கேக்காம விட்டுட்டேன்."

புதுப் பந்து வந்தது. அந்த கேமை முப்பத்தைந்துக்கு முப்பத்துமூன்று என்று எங்கள் பெண்கள் எடுத்தார்கள். மூன்றாவது கேமில் முப்பதுவரை வந்து தோற்றார்கள். அக்கா பெஞ்சில் முழங்காலில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயித்தபோது கைதட்டினார், தோற்றபோதும் கைதட்டினார். இரண்டுக்கும் ஒரே மாதிரி.

ஆட்டம் முடிந்து அவரை ஆட்டோ ஏற்றிவிட ராஜகோபுரம் வரை நடந்தேன். வழியில், தாள்களில் இருந்த குறிகளை அழித்தது நான்தான் என்று சொன்னேன். அழிக்காமல் இருந்திருந்தால் இன்று இப்படி ஆகியிருக்காது என்றேன்.

"தெரியும்" என்றார். "சார் மேஜையில பாத்தேன். அழிச்ச தடம் அப்படியே தெரிஞ்சுது. அவரும் பாத்துருப்பாருல்ல?"

சவரிநாதன் சாருக்கும் தெரியும், தேவதர்ஷினிக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும். எல்லோரும் சேர்ந்து அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்து அவரைத் தனியாக நடுவில் நிற்க வைத்திருக்கிறோம். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. வலிக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "எங்கயும் வலிக்கல. வலிச்சாத்தான் தேவலையே" என்று ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை சவரிநாதன் சார் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். நான் கோப்பு கொடுக்கப் போய் அங்கேயே நின்றிருந்தேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பத்துப் பேர் பட்டியலில் மாற்று ஆட்டக்காரராகப் பெயர் இருக்கட்டும், அனுமதி அதுபாட்டுக்கு ஓடும், இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிடலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா யோசித்தார். எனக்கு அவர் சம்மதித்துவிடுவார் என்றே தோன்றியது. சம்மதித்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

"தெனம் அங்க போய் நான் என்ன சார் பண்றது, பந்து பொறுக்கவா?" என்றார் அக்கா. "அந்த எடத்துக்கு ஒரு சின்னப் புள்ளைய எடுங்க."

"அவசரப்படாதம்மா. ஒரு வாரம் யோசி."

"ஒரு வருஷமா யோசிச்சுட்டேன் சார்."

அனுமதியை விட்டுக்கொடுப்பதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அக்காவுக்கு அலுவலகக் கடிதம் எழுதத் தெரியாது, நான் எழுதினேன். அதில் காரணம் குறிப்பிட வேண்டும். உடல்நிலை காரணமாக என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, உடம்பு நன்றாக இருப்பதாக இரண்டு டாக்டர் சொல்லியிருக்கிறார்கள், அது பொய்யாகிவிடும் என்றார். வயது காரணமாக என்று மாற்றினேன். முப்பத்தேழு வயதை அலுவலகத்தில் யாரும் வயது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். கடைசியில் சொந்தக் காரணங்கள் என்று எழுதினோம். "சொந்தம்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதியம் இரண்டு மணி அடித்தது. தேவதர்ஷினி கீழ்த்தளத்திலிருந்து மைதானத்துக்குக் கிளம்பும் வண்டிச் சத்தம் கேட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை. அவருக்கென்று பிரித்து வைத்திருந்த கோப்புகளை நகர்த்திக் கொடுத்தேன். முதல் கோப்பைத் திறந்து, ஓய்வூதிய விண்ணப்பம் ஒன்றை ஆள்காட்டி விரலால் வரிவரியாகப் படித்தார். இரண்டே முக்காலுக்கு ஒருமுறை, இதில் பிறந்த தேதி இரண்டு இடத்தில் வேறு வேறாக இருக்கிறதே என்று கேட்டார். நான் பார்த்தேன். இருந்தது. நான் இரண்டு முறை படித்தும் விட்டிருந்தேன். நல்லா கண்டுபிடிச்சீங்க என்று சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன். அதைப் பிரித்து வைக்கச் சொன்னேன், வைத்தார்.

மூன்றரைக்கு ஹாலில் ஒரு அசைவு வந்தது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. அக்கா நிமிர்ந்து பார்த்து, எல்லோரும் எங்கே கிளம்புகிறார்கள் என்று கேட்டார்.

"எங்கயும் இல்லக்கா. டீ வருது."

கியாசுதீன் பாய் கம்பிக் கூடையில் கண்ணாடி கிளாஸ்களோடு வந்தார். எங்கள் அலுவலகத்துக்கு ஆறு வருடமாக அவர்தான் மாலை டீ கொண்டுவருகிறார். ஒவ்வொரு மேஜையாக வைத்துக்கொண்டே வந்தவர், என் மேஜையில் ஒன்றை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்து நின்றார். கூடையில் கிளாஸ் தீர்ந்திருந்தது.

"புதுசா வந்திருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார். "தெரியாமப் போச்சு. நாளைலேர்ந்து உங்களுக்கும் ஒண்ணு சேத்துக் கொண்டாந்துர்றேன்."

நான் சொல்லப் போனேன். அக்கா மேஜைக்கு அடியில் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"ஆமாங்க பாய்" என்றார். "சக்கரை கம்மியா."